எஸ்டிஆர் டாங்கிள் போனில் நிற்க மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகி, ஆப் மூலம் ரேடியோ சிக்னல் கேட்கும் சின்னக் கருவி) ஓடிஜி கேபிள் (போனில் யுஎஸ்பி கருவிகளை இணைக்கும் கேபிள்) வழியாகப் போனில் செருகினால் பதினைந்து வினாடிதான் ஓடுகிறது, அப்புறம் இணைப்பு போய்விடுகிறது. மூன்று வாரமாக இதே பாடு.

வீடு சேலம் சூரமங்கலம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறி, பகோடா பாயிண்டில் உட்கார்ந்து சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடிக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. 20 கொண்டை ஊசி வளைவும் பைக்கில் லேப்டாப்போடு போவது சிரமம். அதனால்தான் போன்.

டாங்கிளில் ஆர்டிஎல்2832யூ சிப், ஆர்820டி2 டியூனர். போன் ஆண்ட்ராய்டு 13, டைப்-சி. செருகியதும் அனுமதி கேட்கிறது, கொடுக்கிறேன். கொடைக்கானல் பண்பலை 100.5 மலைமேல் கணீரென்று விழுகிறது. பல்லவி முடிவதற்குள் டாங்கிளின் பச்சை விளக்கு ஒருமுறை மங்கி, அணைந்துவிடும். ஆப்பில் 'டிவைஸ் இல்லை' என்று வரும்.

ஓடிஜி கேபிள் இரண்டு மாற்றிவிட்டேன். அதே கேபிளில் பென் டிரைவ் ஒழுங்காக வேலை செய்கிறது. செட்டிங்கில் ஓடிஜி ஆன், பேட்டரி சேவர் ஆஃப், பயாஸ்-டீயும் (ஆன்டெனா கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் வசதி) ஆஃப். சாம்பிள் ரேட்டை (வினாடிக்கு எத்தனை முறை சிக்னலை அளக்கிறது என்பதை) 2.4 மில்லியனிலிருந்து 1.024 மில்லியனுக்கு இறக்கினால் நாற்பது வினாடி வரை தாங்குகிறது, அவ்வளவுதான். லேப்டாப்பில் அதே டாங்கிள் மூன்று மணி நேரம் அசையாமல் ஓடியது.

டாங்கிள் 300 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். போன் அந்த மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் வெட்டிவிடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

டைப்-சி போனில், பவர் பேங்கிலிருந்து டாங்கிளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே டேட்டாவும் போக, எந்த வகை ஒய்-கேபிள் அல்லது ஹப் வாங்க வேண்டும்?