வேலை அழுத்தம்: உங்கள் இடத்தில் உண்மையிலேயே எது குறைத்தது?

மண்டபம், நண்டு கம்பெனி சூப்பர்வைசர்:

நண்டை அவித்து, உடைத்து, சதை எடுத்து ஏற்றுமதிக்கு அனுப்பும் வேலை எங்களுடையது. எடுப்பவர்கள் எல்லாரும் பெண்கள், கிலோ கணக்கில் கூலி. கச்சான் காற்று எழும்பினால் வல்லம் (நாட்டுப்படகு) கடலுக்குப் போகாது, கம்பெனி ஈயடிக்கும். காற்று அடங்கினதும் கூடை கூடையாக வந்து குவியும், அன்றைக்கு விடியுமுன்னே போன் போட்டு எல்லாரையும் எழுப்புவோம். வீட்டில் உலை வைப்பதா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, எப்போது திரும்புவோம் என்று எதுவும் தெரியாமல் ஓடி வருவார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்தபோதுதான் ஒரு அக்காவுக்கு மேல் அளவு 170-ஐத் தாண்டியிருந்தது தெரிந்தது. அதுவரை தலைசுற்றலைப் பசி மயக்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி உடனே மதுரையிலிருந்து ஒருவரை அழைத்து வந்து மன அழுத்த வகுப்பு வைத்தார். நண்டு வாடை அடிக்கிற ஹாலில் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது! பாவம், நல்ல மனிதர்தான், ஆனால் அதனால் ஒன்றும் மாறவில்லை.

மாறியது இரண்டு காரியங்களால். மறுநாள் வேலை உண்டா இல்லையா, உண்டென்றால் எத்தனை மணிக்கு முடியும் என்று முந்தின நாள் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தோம், வல்லக்காரர்களிடம் கேட்டு ஓரளவு சரியாகவே சொல்ல முடிகிறது. இரண்டாவது, இடைவேளை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது விட வேண்டும் என்று 1948-ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது, நாங்களும் விட்டுக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் கிலோ கூலிக்காரர் யார் எழுந்து போவார்? அந்த அரை மணிக்கும் கூலி உண்டு என்ற பிறகுதான் எழுந்தார்கள். முதலாளி இதற்கு ஒத்துக்கொண்டது இரக்கத்தால் என்று நினைக்க வேண்டாம். சோர்ந்த கை எடுக்கிற சதையில் ஓட்டுத் துண்டு கிடக்கும், ஓடு கிடந்தால் சரக்கு திரும்பி வரும். அந்தக் கணக்கைக் காட்டினேன்.

கீழக்கரை, ஜவுளிக்கடை:

எங்கள் பாடு கால்தான். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது, எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது, அதில் துணிக்கட்டு உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கூட யாரும் உட்காரமாட்டார்கள், கல்லாவிலிருந்து ஒரு பார்வை வருமே என்ற பயம். நோன்புப் பெருநாள் கூட்டத்தில் ஒரு லாத்தா (அக்கா) கால் வீங்கி நிற்க முடியாமல் போனதைப் பார்த்த, கல்லாவில் இருக்கும் காக்கா (அண்ணன்), மறுநாள் துணிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்துகொண்டு துணி மடித்தார். அவ்வளவுதான், அப்புறம் எல்லாரும் உட்கார்ந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை மனுஷன்.

ராமேஸ்வரம், ஐஸ் பிளாண்ட்:

மண்டபத்து அண்ணே, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போச்சு. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35-லிருந்து 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னதை யாரோ அனுப்ப, எங்கள் இடத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டை எட்டாக்கினார்கள். தூக்கம் வந்தது உண்மை. கூடவே ஓவர்டைம் காசு போனது, வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். இரண்டு பேர் பகலில் வேறு வேலைக்கும் போகிறார்கள், கூட்டிப் பார்த்தால் பழைய பன்னிரண்டுதான். அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் குறைத்தால் அழுத்தம் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவே.

மண்டபம், நண்டு கம்பெனி சூப்பர்வைசர்:

தம்பி, ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு அது மீன்பிடித் தடைக்காலத்தில் தெரியும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு நிற்கும், வல்லத்து நண்டு மட்டும் வரும், பாதிப் பேருக்கு வேலை இருக்காது. ஓய்வுதானே என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். கூலி இல்லாத ஓய்வில் யாருக்குத் தூக்கம் வரும்? மீனவக் குடும்பத்துக்கு அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது, எங்களிடம் கடல் தொழில் இல்லாத வீட்டுப் பெண்களும் இருக்கிறார்களே. போர்டில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ எழுதி வைத்திருக்கிறோம், மனசு சரியில்லை என்றால் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அது அதற்கு. கூலிக்கு, தடைக்கால முன்பணமாக ஒரு தொகை கொடுத்து நண்டு வரும் மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வட்டி இல்லாமல், கேட்டிருக்கிறோம். முதலாளி இன்னும் பிடி கொடுக்கவில்லை. வேறு கம்பெனியில் யாராவது இப்படி வாங்கியிருந்தால் எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.