பிள்ளைகள் இருவர் சேர்ந்து ஆடத்தக்க பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகள்: பரிந்துரை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் வசிக்கும் நாங்கள், ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனும் சேர்ந்து விளையாடுவதற்காக, பர்மா பஜாரில் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றை இரண்டு கன்ட்ரோலர்களுடன் வாங்கியிருக்கிறோம். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது ஜிடிஏ 5. அட்டையின் மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் வயது வரம்பு 18 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து வேண்டாம் என்றேன்.

ஒருவர் ஆட மற்றவர் காத்திருந்தால் வீட்டில் பஞ்சாயத்துதான் என்பதால், ஒரே நேரத்தில் இருவரும் ஆடக்கூடியவையே தேவை. 2021-இல் வெளிவந்த ‘இட் டேக்ஸ் டூ’, இருவர் இல்லாமல் ஆடவே முடியாதபடி அமைந்திருப்பதால் முதலில் அதையே வாங்க எண்ணியுள்ளேன். கார்களை ஓட்டிப் பந்தைக் கோலுக்குள் தள்ளும் ‘ராக்கெட் லீக்’ 2020 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. (எங்கள் பகுதியில் கால்பந்து என்றால் கேட்கவா வேண்டும்!)

ஆடி முடித்தபின் விற்கவோ மாற்றவோ முடியும் என்பதால் டிஸ்க்குகளையே விரும்புகிறேன். 2,500 ரூபாய்க்குள், சில நாள்களில் சலித்துவிடாத விளையாட்டுகள் எவை என்பதையும், பழைய டிஸ்க்குகளை வட சென்னையில் நம்பி வாங்கத்தக்க இடங்களையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.