அம்மாவின் பிளவுஸும் மணமகள் விளம்பரங்களும்: இது கலையா, கைப்பணியா?

கேள்வி: வெள்ளவத்தை மாணவி

நான் கொழும்பில் கட்புலக் கலை படிக்கும் இறுதியாண்டு மாணவி. அம்மாவின் பழைய பருத்திப் பிளவுஸ்களையும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் ‘மணமகள் தேவை’ விளம்பரங்களையும் இணைத்து, ஆறடி நீளமான ஒட்டுப்படைப்பு (கொலாஜ்) ஒன்றை இறுதித் திட்டமாகச் செய்து வருகிறேன். ‘சிவந்த நிறம்’, ‘குடும்பப் பாங்கான’ போன்ற சொற்களை வெட்டியெடுத்துத் துணியின் மேல் தைக்கிறேன். அம்மா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலிருந்தபடியே அயலவர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர். ஆயினும் பாடசாலைப் படிவம் முதல் வங்கிப் படிவம் வரை, அவருடைய தொழிலுக்கான இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றே நாங்கள் எழுதி வந்திருக்கிறோம். இந்தப் படைப்பு அதைப் பற்றியது.

சென்ற வார விமர்சன அமர்வில் விரிவுரையாளர் ஒருவர், “இது நேர்த்தியான கைப்பணி, இதில் கலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதோடு, பத்திரிகைத் தாள் ஊசி சென்ற வரிசையிலேயே தபால் முத்திரைத் தாளைப் போலக் கிழிந்துவிடுகிறது. இவ்விரண்டு சிக்கல்களிலும் உங்கள் உதவியை வேண்டுகிறேன்.

பதில் 1: நூற்கண்டு

அந்தக் கேள்வி உங்களிடம் மட்டும் கேட்கப்பட்டதன்று. மரபான கலையைக் கேலிசெய்த டாடா கலை இயக்கத்தில் பெர்லினில் இருந்த ஹன்னா ஹோக், 1916 முதல் பத்தாண்டுகள் ஒரு பதிப்பகத்தில் பெண்களுக்கான இதழ்களுக்குப் பூத்தையல், லேஸ் மாதிரிகளை வரைந்து சம்பாதித்தவர். அதே கைதான் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி, ஆண்களின் அரசியலைக் குலைத்துக் காட்டிய பெரும் படைப்பை 1919இல் செய்தது. அதன் தலைப்பிலேயே சமையலறைக் கத்தி இருக்கிறது. அப்படியிருந்தும், 1920இல் நடந்த டாடா கண்காட்சியில் அவரைச் சேர்த்துக்கொள்ள இயக்கத்தின் ஆண்கள் சிலர் தயங்கினார்கள்.

ஒட்டுப்படைப்பு என்றவுடன் நமது பாடக்குறிப்புகள் 1912, ஓவியர்கள் பிக்காசோ, பிராக் என்று தொடங்குகின்றன. துண்டுத் துணிகளையும் கடிதங்களையும் படங்களையும் சேகரித்து ஒன்றாக்கும் வேலையைப் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே செய்து வந்தார்கள் என்று வாதிட்டு, அதற்கு ‘ஃபெமாஜ்’ என்று கலைஞர்கள் மிரியம் ஷபிரோவும் மெலிஸ்ஸா மேயரும் 1970களின் பிற்பகுதியில் பெயரிட்டார்கள். நமது நாட்டில், மெழுகிட்டுத் துணிக்குச் சாயமேற்றும் பத்திக் கலையைச் சேலையிலிருந்து கட்டடக் கூரைகள் வரை கொண்டு சென்ற ஈனா டி சில்வாவையும் படித்துப் பாருங்கள். எனது கருத்தில், ‘இதுவும் கலைதான்’ என்று கெஞ்சுவதைவிட, கைப்பணி என்ற சொல் யாருடைய உழைப்பைக் கீழே வைப்பதற்காகப் பயன்பட்டது என்று திருப்பிக் கேட்பதே வலிமையான பதில்.

பதில் 2: கொட்டாஞ்சேனைத் தையற்காரி

தங்கச்சி, தாளைத் தனியாகத் தைக்க வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியைப் பின்புறம் ஒட்டிக் காயவிட்டு, மெல்லிய ஊசி போட்டு, தையல் நீளத்தை நான்கு மில்லிமீற்றராக வைத்துத் தையுங்கள். துளைகள் நெருங்கினால் எந்தத் தாளும் கிழியும். கோதுமை மாப்பசை வேண்டாம், கொழும்பின் ஈரக் காற்றில் பூஞ்சணமும் கரப்பானும் வந்துவிடும். பத்திரிகைத் தாள் எப்படியும் மஞ்சளாகும். அதை விரும்பாவிட்டால் விளம்பரங்களை நல்ல தாளில் பிரதியெடுத்துப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. துணியை வெட்டுவதற்கு முன் பிளவுஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். நாங்கள் பக்கத் தையலில் துணியைக் கூடுதலாக விட்டுத் தைப்பது, உடம்பு மாறும்போது பிரித்துவிடுவதற்காகத்தான். வெளிப்புறத்தில் தெரியாதது அங்கே இருக்கும்.

பதில் 3: கறுவாத்தோட்டத்திலிருந்து ஒருத்தி

தையலைத் தொட்டாலே அது பெண்ணியமாகிவிடும் என்று நான் நம்பவில்லை. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது முதல் இந்த நாட்டின் ஆடை ஏற்றுமதி இளம் பெண்களின் கைகளில்தான் நடக்கிறது, ஆனால் அந்தத் தையல் அவர்களுக்கு விடுதலையாக இருந்ததா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிக்காகோவின் ‘விருந்து மேசை’ 39 பெண்களுக்கு இடம் அமைத்த பெரும் படைப்பு. 1974 முதல் 1979 வரை நூற்றுக்கணக்கானோர் அதற்காகத் தைத்தும் மட்பாண்டம் வனைந்தும் உழைத்தபோதும், அது ஒருவரின் பெயராலேயே அறியப்படுகிறது என்ற விமர்சனம் இன்றும் உண்டு. நீங்கள் பயன்படுத்துவது உங்கள் தாயாரின் உழைப்பு. அவருடைய சம்மதத்தைக் கேட்டீர்களா? பெயர்ப்பலகையில் அவருடைய பெயர் இருக்குமா? அவரை இரக்கத்துக்குரிய ஒருவராகக் காட்டிவிடாமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு.

மீண்டும் வெள்ளவத்தை மாணவி

மூவருக்கும் நன்றி. சம்மதம் கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நேற்றிரவு நான்கு பிளவுஸ்களையும் அம்மாவின் முன் வைத்துத் திருப்பிப் பார்த்தோம். இளம் பச்சைப் பிளவுஸின் பக்கத்தில் மூன்று வரிசைகள் இருந்தன. முதலாவது பிரிக்கப்பட்டு, ஊசித் துளைகள் மட்டும் புள்ளிகளாக எஞ்சியிருந்தது. “இது கலியாணத்துக்கு” என்றார் அம்மா. அதற்கு வெளியே இருந்தது தம்பி பிறந்த பிறகு விட்டது. இரண்டுக்கும் நடுவே கறுப்பு நூலில் ஒரு வரிசை. 2022 பொருளாதார நெருக்கடியில் மெலிந்துபோனபோது பிடித்துத் தைத்தாராம். பச்சை நூல் வாங்கக் கடைக்குப் போகாமல் வீட்டில் கிடந்த நூலைப் போட்டதாகச் சொன்னார். அந்த ஆண்டு அவர் இரவில் பசியில்லை என்று சொன்னதை நாங்கள் அப்படியே நம்பியிருந்தோம்.

பிளவுஸ்களை வெட்டப் போவதில்லை. உட்புறம் தெரியும்படி விரித்துத் தொங்கவிட்டு, விளம்பரச் சொற்களை அந்த வரிசைகளின் இடைவெளிகளில் மட்டும் தைக்கப் போகிறேன். பெயர்ப்பலகையில் எங்கள் இருவரின் பெயர்களும் இருக்கும், அவருடைய பெயருக்குக் கீழே ‘தையற்காரர்’ என்று எழுதப்படும். அம்மா மூன்று பிளவுஸ்களைத் தந்தார். நான்காவதைத் தரவில்லை. அதை இன்னும் உடுத்துகிறார்.