மறு: ‘கல்லறைச் சிலுவை’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, இங்கிலாந்தின் பழைய ஆலய வளாகங்களில் நிற்கும் இடைக்காலக் கற்சிலுவைக்கு (churchyard cross) தாங்கள் முன்மொழிந்த ‘கல்லறைச் சிலுவை’யை என்னால் ஏற்க இயலவில்லை. அது எவருடைய கல்லறைமீதும் நட்டதன்று. வளாகம் முழுவதற்கும் ஒன்றே இருக்கும், பெரும்பாலும் ஆலயத்தின் தென்புறத்தில். அந்நாளில் குருத்தோலை ஞாயிறு பவனி அதன் முன் நின்று செல்லும். ஊர் அறிவிப்புகளையும் அங்கேதான் வாசிப்பார்கள். ‘கல்லறை’ என்று தொடங்கினால் வாசகர் இறந்தவர் பெயரைத் தேடுவார். ‘ஆலய முற்றச் சிலுவை’ என்பது என் பரிந்துரை. தென்மாவட்டங்களின் ‘குருசடி’ இனிய சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் சிற்றாலயமே நினைவுக்கு வருகிறது.

இதைவிட அவசரமானவை பகுதிகளின் பெயர்கள். ஏனென்றால் முழுச் சிலுவையைக் காண்பது அரிது. சாலையோரம், சந்தைத்திடல் எல்லாம் சேர்த்து இத்தகைய கற்சிலுவைகள் இங்கிலாந்தில் 12,000-க்கும் மேல் நின்றிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று தலையோடும் தலையின்றியும் எஞ்சியவை 2,000-க்கும் குறைவு. சமயச் சீர்திருத்தத்தில் தொடங்கிய உடைப்பை 1643-இல் நாடாளுமன்றமே ஆணையிட்டு நடத்தியது. தப்பியவை பெரும்பாலும் அடிப்பகுதிகள்: சில படிகள், அவற்றின்மேல் ஒரு கனத்த கல், அதன் நடுக்குழியில் ஈயம் ஊற்றி நிறுத்திய தண்டின் முறிந்த கட்டை. அந்தக் கல் பல இடங்களில் கீழே சதுரமாக இருந்து, மூலைகள் சீவப்பட்டு, மேலே எண்கோணமாகும். ஹெரிஃபோர்ட்ஷயரில் பலவற்றின் ஒரு முகத்தில் சிறு மாடமும் உண்டு.

ஆகவே, கீழிருந்து மேலாக நான் முன்வைக்கும் பெயர்கள்: படிமேடை, குழிக்கல், தண்டு, முறிதண்டு, சிலுவைத்தலை.

தலைக்குச் ‘சிகரம்’ வேண்டாம், கோபுரத்தோடு குழம்பும். க்ளாஸ்டர்ஷயரின் ஆம்ப்னி க்ரூசிஸ் ஊரில் தலையை ஆலயத்துக்குள் சுவரெழுப்பி மறைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் அது வெளிப்பட்டு மீண்டும் தண்டின்மேல் ஏறியது. ஒரு புறம் சிலுவையில் இயேசு, மறுபுறம் குழந்தையோடு மரியாள், பக்கவாட்டில் கவசம் பூண்ட வீரன். இப்படித் தனியாகவே நெடுங்காலம் கிடந்த பொருளுக்குத் தனிப்பெயர் இருந்தே தீர வேண்டும்.

*

அம்மா, வணக்கம். ‘ஆலய முற்றச் சிலுவை’க்கு இசைகிறேன், ‘கல்லறை’யை விலக்கிக்கொள்கிறேன். ‘முறிதண்டு’ மிகப் பொருத்தம். ‘குழிக்கல்’ மட்டும் உறுத்துகிறது. உரலும் குழிக்கல்தானே? ‘தண்டுக்குழிக்கல்’ என்றால் சற்று நீளும், ஆனால் பட்டியலில் தனித்து நின்றாலும் பொருள் தரும்.

*

ஐயா, நீளம் பொருட்டல்ல. ‘தண்டுக்குழிக்கல்’ என்றே பதிவோம். மாடத்தை மாடமாகவே விடலாம்; அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.