தடா, பொடா, ஊபா: நேருக்கு நேர் மோதிய அனுபவங்கள்

தடா, பொடா, ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) போன்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களைப் பற்றி வீட்டிலோ வேலையிடத்திலோ பயணத்திலோ யாருடனாவது முட்டிக்கொண்டதுண்டா? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். டிவி விவாதத்தை இங்கே ஒப்பிக்க வேண்டாம்.

கரிசக்காட்டான்

எங்க பெரிய மாமா மதிமுக கிளைச் செயலாளர். 2002 மார்ச்சில் இரு அவைகளையும் ஒன்றாகக் கூட்டி பொடாவை நிறைவேற்றினார்கள். ஆதரவு 425, எதிர்ப்பு 296. மதிமுக அப்போது வாஜ்பாய் கூட்டணி, ஆதரித்தது. (திமுகவும்தான். அதை இப்போது யாரும் கிளறுவதில்லை.) டீக்கடையில் மாமாதான் அதற்கு வக்கீல். "குண்டு வைக்கிறவனுக்குத்தான் சட்டம், நமக்கென்னய்யா?" நான் காலேஜ் பையன். "போலீஸ் அதிகாரிகிட்ட கொடுத்த வாக்குமூலமே சாட்சியாமே மாமா" என்றேன். "படிக்கிற பய படிப்பைப் பாரு" என்று முடித்துவிட்டார்.

ஜூன் 29 அன்று திருமங்கலம் கூட்டத்தில் வைகோ புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலை 11, அமெரிக்காவிலிருந்து சென்னையில் வந்து இறங்கியதும் பொடாவில் கைது. சிவகாசித் தொகுதி எம்.பி., எங்க ஓட்டில் ஜெயித்தவர். வேலூர் சிறையில் 19 மாதம். மாமா வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இனி பொடாவைக் கிழிப்பார் என்று டீக்கடையே காத்திருந்தது. அவர் கிழித்தது அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதாவை மட்டும். "சட்டத்துல தப்பில்ல, போட்ட ஆளு தப்பு."

"நாளைக்கு யாரு அந்த நாற்காலியில உட்காருவாங்கன்னு தெரிஞ்சா மாமா கை தூக்குனீங்க?" என்று கேட்டேன். அந்தப் பொங்கலுக்கு அவர் எங்க வீட்டுப் படி ஏறவில்லை. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது. பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்றும் சேர்த்துச் சொன்னது. மாமா அந்தப் பேப்பரைக் கத்தரித்து வைத்திருந்தார், இரண்டாவது பாதியை மட்டும்.

கோவைக்காரன்

அண்ணே, 1998 பிப்ரவரி 14ல கோவையில தொடர் குண்டு வெடிச்சப்ப நான் ஆர்.எஸ்.புரத்துல இருந்தவனுங்க. 58 பேர் செத்தாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி, "அந்தக் கேஸ்ல பிடிச்ச கேரளத் தலைவர் மதானி ஒன்பது வருஷம் உள்ள இருந்துட்டு 2007ல நிரபராதின்னு வெளிய வந்தாரே, அந்த வருஷத்தை யாரு குடுப்பா?"ன்னு கேட்டார். 97 நவம்பர் கலவரத்துல செத்த முஸ்லிம்களையும் எடுத்துப் பேசினார். ஞாயந்தானுங்க, நான் மறுக்கல. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல ஒட்டியிருந்த பேர் லிஸ்ட்ல சொந்தக்காரனைத் தேடினவனுக்கு உரிமைப் பேச்சு காதுல ஏறாது. ரெண்டு பேரும் டிபன் பாக்ஸை மூடிட்டு எந்திரிச்சுட்டோம்.

ஜூனியர் வக்கீல்

பாண்டியன் எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த்தில் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர். நான் வக்கீல் என்று தெரிந்ததும், "உங்களாலதான்யா கேஸ் நிக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்தார். ஊபாவில் கேஸ் நிற்கவே தேவையில்லையே சார் என்றேன். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை நீட்டலாம். அதற்குப் பிறகும் போலீஸ் தாள்களைப் பார்த்து முகாந்திரம் இருப்பதாக நீதிபதிக்குப் பட்டால் அந்தச் சட்டத்தின் 43டி(5) பிரிவு ஜாமீனை அடைத்துவிடும். பொடாவை 2004இல் ஒழித்த காங்கிரஸ் ஆட்சிதான், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் இதை நுழைத்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பழங்குடியினர் உரிமைக்காக உழைத்து, ஊபாவில் கைதான பாதிரியார் ஸ்டேன் சாமி 84 வயதில், பார்க்கின்சன் நோயோடு, விசாரணையே தொடங்காமல் 2021இல் காவலில் இறந்தார்.

விடாமல் ராஜீவ் காந்தி கொலை வழக்குக்கும் போனேன். பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை வெளியே விட்டது. தடாவே பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லுமாம்! எனக்கு இன்றும் பிடிபடாத கணக்கு அது.

அவர் குரல் மாறிவிட்டது. "ஸ்ரீபெரும்புதூர்ல அன்னிக்கு ராத்திரி நான் டூட்டி. எங்க ஆளுங்க உடம்பையும் சேர்த்துத்தான் அள்ளுனேன். நீ செக்‌ஷன் சொல்ற." விழுப்புரம் தாண்டும் வரை இருவரும் பேசவில்லை. பிறகு லைட்டை அணைக்கும்போது அவராகவே, "அடிக்காம வாங்குன வாக்குமூலம் எத்தனைன்னு மட்டும் கேக்காத தம்பி" என்றார்.

கொழும்பு 6

என்ரை வேலையிடத்தில ஒரு சிங்கள நண்பர். 1979இல தற்காலிகம் எண்டு கொண்டுவந்து, 1982இல நிரந்தரமாக்கின பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி நான் வாய் திறந்தாலே, "அது புலிக்குத்தானே மச்சான்" எண்டுவார். 2009இல யுத்தம் முடிஞ்ச பிறகும் ஏன் எண்டு கேட்டா சிரிப்பு. 2022 ஓகஸ்டில அரகலய எண்ட அரசுக்கு எதிரான மக்கள் போராட்டத்தில நிண்ட மாணவர் தலைவர்கள் மூண்டு பேரை அதே சட்டத்தில உள்ள போட்டாங்கள். அண்டு இரவு ஃபோன் எடுத்து, தடுப்புக்காவல் கட்டளை எண்டா என்ன, சட்டத்தரணி எப்ப போய்ப் பாக்கலாம் எண்டு கேட்டார். எங்கட சனத்துக்கு இதெல்லாம் மனப்பாடம். சொல்லிக் குடுத்தன்.

கோவைக்காரன்

வக்கீல் தம்பி, 180 நாள் அதிகந்தானுங்க, ஒத்துக்கறேன். ஆனா சாட்சியை மிரட்டறவனை ஜாமீன்ல விட்டா அந்தச் சாட்சிக்கு யாருங்க பொறுப்பு?

ஜூனியர் வக்கீல்

சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தைச் சட்டம் போலவே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது அண்ணா. எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஒருவர்கூட மனு போட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது.