கடைசி வரியில் நின்ற குரல்கள்

கிறிஸ்தவ ஒருமைப்பாட்டிற்கான ஜெப வாரம் பல நாடுகளில் ஜனவரி 18 முதல் 25 வரை அனுசரிக்கப்படுவதை நான் அறிந்திருந்தேனே தவிர, எங்கள் போதகர் வற்புறுத்தி அழைத்துச் செல்லும் வரை ஒருமுறையும் அதில் கலந்துகொண்டதில்லை. கத்தோலிக்கர், லூத்தரன் சபையார், பெந்தெகொஸ்தே சபையார் என முப்பது பேர் வரை கூடியிருந்தோம். கர்த்தருடைய ஜெபத்தை ஒன்றாகச் சொல்லத் தொடங்கியபோது, நாங்கள் 'பரமண்டலங்களிலிருக்கிற' என்றும் கத்தோலிக்கர் 'விண்ணுலகில் இருக்கிற' என்றும் சொல்ல, முதல் வார்த்தையிலேயே குரல்கள் முட்டிக்கொண்டன. எப்படியோ சமாளித்துக் கடைசிக்கு வந்தால், தீமையிலிருந்து காக்கும்படி வேண்டுகிற இடத்தில் பாதிப் பேர் 'ஆமென்' என்று நிறுத்திவிட்டார்கள். 'ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்' என்று நாங்கள் மட்டும் தொடர்ந்தோம்.

வேத வசனத்தையே பாதியில் விடுகிறார்களே என்று எனக்கு உள்ளூரக் கோபம். கூட்டம் முடிந்ததும், அருகில் ஜெபமாலையோடு அமர்ந்திருந்த முதிய அம்மையாரிடம் கேட்டேவிட்டேன். "நாங்கள் விடவில்லை, தம்பி. திருப்பலி வழிபாட்டில் குருவானவர் நடுவில் ஒரு மன்றாட்டைச் சொல்லுவார், அதற்குப் பிறகு நாங்களும் சொல்வோம்" என்றார். பின்னர் தேடிப் படித்தபோதுதான், மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை என்பதும், அதையொத்த ஒரு வரி 'திதாக்கே' என்னும் ஆதித் திருச்சபை நூலில் உண்டு என்பதும் தெரியவந்தது. என் கோபத்திற்கு அவ்வளவுதான் ஆதாரம்! மறு ஆண்டு, அந்த இடம் வந்ததும் எல்லோரும் ஒரு மூச்சளவு நின்று, பிறகு கடைசி வரியைச் சேர்ந்தே சொன்னோம்.

* * *

மேலே எழுதிய சகோதரரின் அனுபவம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் எல்லா வேறுபாடும் ஒரு மூச்சில் தீர்ந்துவிடுவதில்லை. நான் கத்தோலிக்கன், என் மனைவி லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். பதினாறாம் நூற்றாண்டில் திருச்சபையைப் பிளந்த சர்ச்சைகளின் மையத்தில் இருந்த 'விசுவாசத்தினால் நீதிமானாகுதல்', அதாவது விசுவாசத்தால் மனிதன் கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுதல், குறித்து இரு தரப்பாரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, இனி அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணையில் ஒரே பந்தியில் பங்குபெறலாம் என்றே நாங்கள் எண்ணினோம். அது நடக்கவில்லை. நற்கருணை வேளையில் மனைவி கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்தபடி வரிசையில் வந்து, ஆசி மட்டும் பெற்றுத் திரும்புவார். அவருடைய ஆலயத்தில் திருவிருந்து நடக்கும்போது நான் இருக்கையை விட்டு எழுவதில்லை. 'நமக்குள் வேற்றுமையே இல்லை' என்று மேடையில் முழங்குவோரைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சல்தான். வேற்றுமை எங்கே இருக்கிறது என்பதை வாரந்தோறும் முழங்காலில் உணர்கிறவர்கள் நாங்கள். இருவரில் யார் முன்னே சென்றாலும், அவர் திரும்பி வந்து அருகில் மண்டியிடும் வரை மற்றவர் எழுந்து உட்காருவதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.