போதை ஊசி போட்ட இடம் பழுத்து, சதை அழுகிப்போன அனுபவம் யாருக்காவது உண்டா?

இரவுடூட்டி:
சீழ்க்கட்டி என்று எழுதித்தான் வார்டுக்கு அனுப்பினார்கள். தொடையில் உள்ளங்கை அகலச் சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் போர்வை பட்டாலே கத்துகிறார். ஊசிப் பழக்கம் உள்ளவர் என்றதும் "வலி மருந்துக்கு நடிக்கிறான்" என்று ஒருவர் சொன்னார், நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சிவப்பின் ஓரமாகப் பேனாவால் கோடு மட்டும் போட்டு வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டுக்கு வெளியே மூன்று விரல் அகலம் பரவியிருந்தது, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் திறந்தபோது சீழே இல்லை, பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி கலங்கலாக ஏதோ. ஆள் பிழைத்துவிட்டார். எனக்கு அந்தப் பேனாக் கோடுதான் போகமாட்டேன் என்கிறது.

மூத்தவன்:
என் தம்பி. நரம்பு கிடைக்காமல் தோலுக்கடியிலேயே போட ஆரம்பித்திருக்கிறான். கை வீங்கியதை 6 நாள் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தான், காய்ச்சல் இல்லையே என்று நானும் விட்டேன். கிளம்பும்போது "அண்ணே, அங்க திட்டுவாங்களா?" என்றான். "திட்டுவாங்க, வா" என்றேன். 3 முறை அறுத்துச் சுத்தம் செய்தார்கள், அப்புறம் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள்.

பழையகணக்கு:
சிஸ்டர், நடிக்கிறான் என்றவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்வைக்குக் கொஞ்சம், வலி மட்டும் மலையளவு என்றால் அதுதானே சதை அழுகும் இந்த நோயின் அடையாளமே! மூத்தவன், காய்ச்சலை நம்பவே கூடாது. 2000-இல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்தில் ஹெராயின் போட்டவர்கள் பலர் கிளாஸ்ட்ரிடியம் நோவி என்ற கிருமியால் செத்தார்கள், நிறையப் பேருக்குப் பெரிதாகக் காய்ச்சலே இல்லை, இரத்தத்தில் வெள்ளணு மட்டும் எக்கச்சக்கம். ஹெராயினைக் கரண்டியில் சூடாக்கினால் கிருமி செத்துவிடும் என்பதும் பொய், அதன் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கும். தோலுக்கடியிலோ சதையிலோ போடும்போது காற்றில்லாத இடம் கிடைத்து நன்றாக வளரும். மாத்திரையால் மட்டும் ஆகாது, செத்த சதையை வெட்டி எடுத்தே ஆக வேண்டும், அதுவும் மணிக்கணக்கில் தள்ளிப்போடாமல். டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். என் கதை சின்னது: தொடை இடுக்கில் வந்த கட்டியை நானே பிளேடால் கீறப் போனேன். விரலை வைத்தேன், துடித்தது. தமனி.

மூத்தவன்:
நான் அறிவுரை கேட்கவில்லையே. அவன் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. இப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறான், பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.